தடுப்பூசியை மறுத்ததால் படையிலிருந்து அனுப்பப்பட்ட மகன்: சட்டத்தில் இனி என்ன வழி?

கேள்வி: எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி. 24 ஆண்டுகளாக டெக்சாஸில் இருக்கிறோம். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். மூத்த மகன் 2018-இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து, நல்ல பெயர் எடுத்து, சார்ஜென்ட் ஆனான். 2021-இல் கொரோனா தடுப்பூசி கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது, கருக்கலைப்பிலிருந்து எடுத்த செல்களோடு தொடர்புள்ள ஊசியைத் தன் மனச்சான்று ஏற்கவில்லை என்று சொல்லி, மத அடிப்படையில் விலக்கு கேட்டான். மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியானது. 2022 நவம்பர் கடைசியில் முழு மதிப்புக்கு ஒரு படி குறைந்த ‘ஜெனரல் டிஸ்சார்ஜ்’ கொடுத்து அனுப்பினார்கள். ஆறே வாரத்தில் அந்த உத்தரவையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போது கல்லூரிப் படிப்புக்கான உதவியும் கிடையாது என்கிறார்கள். நானும் என் மனைவியும் ஊசி போட்டுக்கொண்டோம். திருத்தந்தையே போட்டுக்கொண்டாரே, உனக்கு மட்டும் என்ன என்று 2021 நன்றி நவிலல் நாளன்று அவனோடு பெரிய சண்டை போட்டேன். அன்றிலிருந்து அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுக்கு உண்மையிலேயே ஏதாவது உரிமை இருந்ததா? இனி ஏதாவது செய்ய முடியுமா? இளைய மகளும் படையில் சேர விரும்புகிறாள். தடுப்பூசி விஷயத்தில் அவளும் அண்ணன் கட்சிதான். அவளுக்கு என்ன சொல்வது?
– ஒரு தந்தை, டெக்சாஸ்

பதில்: அன்புள்ள ஐயா,

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நானும் தடுப்பூசி போட்டுக்கொண்டவன். தயங்கிக்கொண்டிருந்த என் பெற்றோரை நானே காரில் அழைத்துப்போய்ப் போட வைத்தவன். அந்த ஊசி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் படைவீரர்களின் பதிவேட்டுத் திருத்த மனுக்களைப் பார்க்கும் வழக்கறிஞனாக, உங்கள் மகனைப் போன்றவர்களின் கோப்புகளை ஒவ்வொரு தாளாகப் புரட்டியபோது, சட்டம் அவர்களுக்குத் தருவதாகச் சொன்ன ஒன்றைப் பலருக்கும் தரவே இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தேன். ஊசி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஒன்று என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் மகனிடம் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஃபைசர், மாடர்னா ஊசிகளுக்குள் கருவின் செல் எதுவும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து, ஆய்வகங்களில் வழிவழியாக வளர்த்துவரும் எச்இகே-293 என்ற செல் வரிசையில் அவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜான்சன் ஊசிக்கு மட்டும் 1985-ஐச் சேர்ந்த வேறொரு செல் வரிசை தயாரிப்பிலேயே பயன்பட்டது. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பு, வேறு ஊசி கிடைக்காத நிலையில் இவற்றைப் போட்டுக்கொள்வது அறநெறிக்கு உட்பட்டதே என்று சொன்னது. நீங்கள் அதன்படி நடந்தீர்கள். ஆனால் அதே குறிப்பு, தடுப்பூசி போட்டுக்கொள்வது பொதுவாக அறநெறிக் கடமை ஆகாது, அது அவரவர் விருப்பத்தோடு நடக்க வேண்டியது என்றும், மனச்சான்றின் பேரில் மறுப்பவர்கள் பிறருக்கு நோய் பரவாமலிருக்கத் தங்களால் இயன்ற எல்லாக் கவனத்தையும் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்கப் படைகளின் கத்தோலிக்கர்களுக்குப் பொறுப்பான பேராயர் டிமத்தி பிராலியோ, கத்தோலிக்கர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று முன்பே சொன்னவர்; அவரே 2021 அக்டோபரில், ஒருவருடைய மனச்சான்றை மீறுமானால் யாரையும் அதற்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அறிக்கை விட்டார். ஆகவே நீங்கள் நின்ற இடமும் உங்கள் மகன் நின்ற இடமும் திருச்சபையின் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

சரி, திருச்சபை முழுவதுமே உங்கள் பக்கம் என்று வைத்துக்கொண்டாலும், அமெரிக்கச் சட்டத்தில் அவன் உரிமை அதனால் குறைந்துவிடாது. 1981-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தாமஸ் வழக்கை இதற்காகவே நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. இந்தியானா மாநிலத்தில் ஓர் இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். அவர் வேலை பார்த்த பிரிவை மூடி, பீரங்கி வண்டிகளின் மேற்கோபுரம் செய்யும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். ஆயுதம் செய்வது தன் மதத்துக்கு ஒவ்வாது என்று வேலையை விட்டார். அதே ஆலையில், அதே சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவர், இந்த வேலை வேதத்துக்கு விரோதமில்லை என்று சொல்லித் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். வேலையில்லாதோருக்கான உதவித்தொகையைத் தாமஸுக்கு மறுத்தபோது இதையும் காரணமாகக் காட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே நம்பிக்கையுள்ள இருவரில் வேதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யார் என்று பார்ப்பது நீதிபதியின் வேலை இல்லை. நம்பிக்கை உளமார்ந்ததா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே வழக்குதான்.

இந்த உரிமைக்கு எழுத்து வடிவம் 1993-ஆம் ஆண்டின் மத சுதந்திர மீட்புச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவருடைய மத வழக்கத்தின் மீது அரசு கணிசமான சுமையை ஏற்றுமானால், அதற்குத் தவிர்க்க முடியாத அரசுத் தேவை இருக்க வேண்டும். அந்தத் தேவையை அடைய இதைவிடக் குறைந்த இடையூறு தரும் வழி வேறு இருக்கவும் கூடாது. இரண்டையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. அந்தத் தேவை பொதுவில் இருக்கிறது என்று காட்டினால் போதாது; இந்த ஒரு மனிதரின் விஷயத்திலும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்தச் சட்டம் படைகளையும் கட்டுப்படுத்தும். தாடியும் தலைப்பாகையும் உள்ள சீக்கிய இளைஞர்களைக் கடற்படைக் காலாட்படையான மரைன் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளாததை எதிர்த்த வழக்கில், 2022 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டத்தின்படிதான் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாதுகாப்புத் துறையின் 1300.17 என்ற அறிவுறுத்தலும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்றே சொல்கிறது.

படையின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் தியடோர் ரூஸ்வெல்ட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தொற்று புகுந்தபோது, ஏறக்குறைய 4,800 பேர் கொண்ட அந்தக் கப்பலில் 1,200-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது, ஒருவர் இறந்தார், கப்பல் குவாமில் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. படுக்கைக்கு மேல் படுக்கையாக மனிதர்கள் உறங்கும் இடத்தில் தொற்றைத் தடுப்பது தவிர்க்க முடியாத தேவைதான். பாதுகாப்புச் செயலர் லாயிட் ஆஸ்டின் 2021 ஆகஸ்ட் 24-இல் உத்தரவிட்டபோது அவர் மனத்தில் இருந்ததும் அந்தக் கவலைதான். ஆனால் அந்தத் தேவை, விலக்கு கேட்ட ஒவ்வொருவருடைய கடிதத்தையும் படித்து முடிவெடுக்கும் கடமையிலிருந்து படைத் தலைமையை விடுவிக்கவில்லை. தவறு அங்கேதான் நேர்ந்தது.

அது எப்படி நேர்ந்தது என்பதைக் கடற்படையின் உதாரணத்தில் மிகத் துல்லியமாகப் பார்க்கலாம். விலக்கு விண்ணப்பங்களைக் கையாள அங்கே 50 படிகள் கொண்ட ஒரு நடைமுறையை எழுதி வைத்திருந்தார்கள். அதன் முதல் 15 படிகளுக்குள்ளேயே, முன்கூட்டித் தயாரித்து வைத்திருந்த மறுப்புக் கடிதத்தில் விண்ணப்பதாரரின் பெயரையும் பதவியையும் எழுத்தர் நிரப்பிவிட வேண்டும். விண்ணப்பத்தை ஒருவர் எடுத்துப் படிப்பது 35-ஆவது படியில்தான் வருகிறது. முதலில் தீர்ப்பு, பிறகு விசாரணை. 2022 ஜனவரி 3-ஆம் தேதி டெக்சாஸ் ஃபெடரல் நீதிபதி ரீட் ஒகானர், கடற்படைச் சிறப்புப் பிரிவினர் 35 பேருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை கொடுத்தபோது, இந்த நடைமுறையை வெறும் நாடகம் என்றே எழுதினார். அதே ஆண்டு ஜூனில், பாதுகாப்புத் துறையின் அப்போதைய பொறுப்புத் தலைமைக் கண்காணிப்பாளரும் செயலருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். எல்லாப் படைகளையும் சேர்த்து ஒரு நாளுக்குச் சுமார் 50 விண்ணப்பங்கள் வீதம் மறுக்கப்பட்டதையும், ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாக 12 நிமிடமே கிடைத்திருக்கும் என்பதையும் கணக்கிட்டு, தனித்தனி ஆய்வுக்குப் பதில் பொத்தாம்பொதுவான மதிப்பீடே நடந்திருப்பதாகக் கவலை தெரிவித்தார். ஒரு சிப்பாயின் விண்ணப்பம் என்றால் அவருடைய சொந்தக் கடிதம், சாப்ளின் என்னும் படைக் குருவானவரின் அறிக்கை, தளபதிகளின் பரிந்துரை, சட்ட அலுவலரின் கருத்து எல்லாம் சேர்ந்த கட்டு. அதை 12 நிமிடத்தில் ஒழுங்காகப் படிக்கவே முடியாது, எடைபோடுவது எங்கே?

வழக்குகள் பின்னர் எப்படிப் போயின என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாரை எந்தப் பணிக்கு எங்கே அனுப்புவது என்ற முடிவில் தலையிட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 25-இல் ஒகானரின் உத்தரவை ஓரளவு நிறுத்தி வைத்தது. விமானப்படையினருக்காக ஓஹாயோவில் பிறந்த தடையை 6-ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் உறுதிசெய்தது. தரைப்படையினர் சிலருக்கு டெக்சாஸில் இன்னொரு நீதிபதி டிசம்பரில் தடை கொடுத்தார். உங்கள் மகனுக்கு அது சில வாரம் தாமதமாக வந்துவிட்டது. வாஷிங்டனிலும் நெப்ராஸ்காவிலும் படைவீரர்கள் தோற்றார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 23-இல் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தின் 525-ஆவது பிரிவில் உத்தரவைத் திரும்பப் பெறச் சொன்னது. ஆஸ்டின் 2023 ஜனவரி 10-இல் அதைத் திரும்பப் பெற்றார். அதோடு பெரும்பாலான வழக்குகள் பொருளற்றுப் போனதாக முடித்துவைக்கப்பட்டன. கடற்படை 2024-இல் 4,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளின் பதிவேடுகளைத் திருத்த ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. தரைப்படைச் சிப்பாயான உங்கள் மகன் அந்தச் சமரசத்துக்குள் வர மாட்டார். அவர் தன் வழியைத் தானே நடந்தாக வேண்டும். அந்த வழி இப்போது முன்பைவிட நன்றாகவே திறந்திருக்கிறது.

படையை விட்டு வரும்போது அவருக்குக் கொடுத்த பணிவிடுப்புச் சான்றான டிடி-214 தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நகல் கொடுத்திருப்பார்கள். ‘மெம்பர்-4’ என்று அச்சிட்டதுதான் வேண்டும், ‘மெம்பர்-1’ நகலில் நாம் தேடும் பகுதி இருக்காது. தாளின் அடியில் 24-ஆம் கட்டத்தில் சேவையின் தன்மை இருக்கும். அங்கேதான் ‘ஜெனரல்’ என்ற சொல். 26-இல் பணிவிலகல் குறியீடு, 27-இல் மீண்டும் சேர்வதற்கான குறியீடு, 28-இல் விலக்கியதற்கான காரணம். தடுப்பூசி மறுத்தவர்களில் பலருக்கு இந்த 28-ஆம் கட்டத்தில் கடுமையான ஒழுங்கீனம் என்ற பொருள்படும் சொற்களே ஏறியிருக்கின்றன. ஊசி என்ற சொல்லே அங்கே இருக்காது. வேலை கொடுக்கும் நிறுவனம் பார்ப்பது இந்த நான்கு கட்டங்களைத்தான். போதைப்பொருளா, திருட்டா என்று அவர்கள் தாமாகவே ஊகித்துக்கொள்கிறார்கள். எனக்கு வரும் மனுதாரர்களில் பாதிப்பேர் 24-ஐ மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு 26, 27, 28-ஐ மறந்துவிடுகிறார்கள். நான்கையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2021 டிசம்பர் இறுதியில் இயற்றிய சட்டத்தின் 736-ஆவது பிரிவின்படி, கொரோனா ஊசியை மறுத்ததற்காக மட்டும் விலக்கப்பட்டவருக்கு முழு மதிப்புள்ள ‘ஹானரபிள்’ அல்லது ‘ஜெனரல்’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடிந்தது. அதனால் இதைவிட மோசமானது எதுவும் நேரவில்லை. ஆனால் 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் கல்வி உதவிக்கு ‘ஹானரபிள்’ வேண்டும், ‘ஜெனரல்’ போதாது. உங்கள் மகனுக்குப் படிப்பு உதவி கிடைக்காததன் காரணம் இதுதான். வீட்டுக் கடன், முன்னாள் படைவீரர் மருத்துவம் போன்றவை பொதுவாக ‘ஜெனரல்’ உள்ளவர்களுக்கும் உண்டு. அவற்றை விட்டுவிட்டிருந்தால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 27-இல் அதிபர் டிரம்ப் 14184 என்ற நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். கொரோனா ஊசியை மறுத்த ஒரே காரணத்துக்காக விலக்கப்பட்டு, மீண்டும் சேர விரும்புகிறவர்களைப் பழைய பதவியோடும் நிலுவைச் சம்பளத்தோடும் சேர்த்துக்கொள்ள அது வழிசெய்கிறது. அந்தக் கட்டாய உத்தரவே நியாயமற்றது, தேவைக்கு மேல் விரிந்தது, அவசியமில்லாத சுமை என்று ஆணையின் வாசகத்திலேயே இருக்கிறது. அரசே இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்டது உங்கள் மகனின் மனுவுக்குப் பெரிய பலம். மனுவில் அதை மேற்கோள் காட்டச் சொல்லுங்கள். ஆனால் ‘ஒரே காரணத்துக்காக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கோப்பில் வேறு தண்டனை, வேறு குற்றச்சாட்டு ஏதேனும் கலந்திருந்தால் முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மகனும் நீங்களும் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அவருக்கு மீண்டும் சீருடை அணிய விருப்பமா, அல்லது பதிவேட்டில் உள்ள கறை நீங்கினால் போதுமா? திரும்பச் சேர்வதென்றால் உடல்தகுதியைக் காட்ட வேண்டும், மேலும் சில ஆண்டுகளுக்குக் கையெழுத்திட வேண்டும். நிலுவைச் சம்பளத்திலும் இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பெரிய தொகை வரும் என்று மனக்கணக்குப் போட்டு வந்தவர்கள் இந்தக் கழிவைப் பார்த்து ஏமாந்துபோனது எனக்குத் தெரியும். வேலை, குடும்பம் என்று நிலைத்துவிட்ட ஒருவருக்கு, திரும்பப் போவதைவிட ஹானரபிள் டிஸ்சார்ஜும் ஜி.ஐ. பில்லும் கூடுதல் பயன் தரலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

திரும்பச் சேரவும் நிலுவை கேட்கவும் தரைப்படையின் பதிவேட்டுத் திருத்த வாரியத்துக்கு டிடி-149 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிஸ்சார்ஜின் தன்மையையும் காரணத்தையும் மட்டும் மாற்றுவதற்கு டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம் இருக்கிறது, அதற்கு டிடி-293. முதல் வாரியத்துக்குப் பிழை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று ஒரு கெடு உண்டு. உங்கள் மகன் விஷயத்தில் 2025 நவம்பர் இறுதிதான் எல்லை. அது தாண்டியிருந்தாலும், நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்க வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அதைத் தனிப் பத்தியில் காரணத்தோடு கேட்க வேண்டும். இரண்டாவது வாரியத்துக்கு 15 ஆண்டு அவகாசம் என்பதால் 2037 வரை கதவு மூடாது. நேரில் முன்னிலையாகிப் பேசும் வாய்ப்பையும் அங்கே கேட்டுப் பெறலாம்.

டிடி-149 மனுவில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. பிழையைத் திருத்தவும், அநீதியை நீக்கவும் என இரண்டு தனி அதிகாரங்களைச் சட்டம் அந்த வாரியத்துக்குத் தந்திருக்கிறது. அன்றைய உத்தரவு சட்டவிரோதமானது என்று மெய்ப்பித்தால்தான் வெற்றி என்று நினைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அதற்கே வாதம் எழுதுகிறார்கள். அது வேண்டியதில்லை. உத்தரவு சட்டப்படி செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், உளமார்ந்த விண்ணப்பம் ஒன்றைப் படிக்காமலே தள்ளிவிட்டு, மாசற்ற சேவை செய்தவர் மீது ஒழுங்கீனம் என்ற முத்திரையைக் குத்தியது அநீதி என்று காட்டினால் போதும்.

அதைக் காட்டுவதற்குக் கோப்பு வேண்டும். சேவைக் கோப்பைச் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் வழியாகக் கேட்டுப் பெறலாம். மத விலக்கு விண்ணப்பக் கட்டு அதில் இல்லாமல் போகலாம். ஆகவே தனியுரிமைச் சட்டத்தின் கீழ் தனி விண்ணப்பம் போட்டு அதையும் கேட்க வேண்டும். தரைப்படையில் இந்த விண்ணப்பங்களை முடிவு செய்தவர் தலைமை மருத்துவ அதிகாரி. மேல்முறையீட்டை முடிவு செய்தவர் படைத்துறை உதவிச் செயலர். இருவரும் எழுதிய கடிதங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் மகன் எந்தப் பிரிவில் என்ன வேலை செய்தார், முகக்கவசம், அடிக்கடி சோதனை, தனி இடத்தில் பணி என்று அவர் முன்வைத்த மாற்று வழிகள் ஏன் போதாது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்தச் சிப்பாய்க்கும் அப்படியே அனுப்பக்கூடிய கடிதமா? பின்னது என்றால் உங்கள் வாதத்தில் பாதியை அந்தக் கடிதமே செய்து முடித்துவிடும். சாப்ளின் அவரை நேரில் பேட்டி கண்டு எழுதிய குறிப்பையும் தேடுங்கள். உளமார்ந்த நம்பிக்கை என்று சாப்ளின் எழுதியிருந்தால் அதுவே முதல் இணைப்பு.

மகன் எழுதும் வாக்குமூலம் எளிமையாக, அவருடைய சொந்த வார்த்தையில் இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை எடுத்து நிரப்ப வேண்டாம். வாரியத்தில் இருப்பவர்கள் அவற்றை நூற்றுக்கணக்கில் பார்த்தவர்கள். ஊசியால் ஆபத்து, மருந்து நிறுவனங்களின் சூழ்ச்சி என்ற பேச்சு ஒரு வரிகூட வேண்டாம். அந்த வரி மருத்துவ உண்மைக்கும் புறம்பானது. மதக் காரணத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் அதுவே இடம் தரும். அடிப்படைப் பயிற்சியில் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை அவர் போட்டுக்கொண்டிருப்பார். அவற்றில் தட்டம்மை ஊசியோடு சேர்ந்து வரும் ருபெல்லாத் தடுப்பு மருந்தும், சின்னம்மைத் தடுப்பு மருந்தும் கரு வழி வந்த செல்களில் வளர்த்தவையே. “அன்று ஏன் மறுக்கவில்லை?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அன்று தெரியாது, தெரிந்தபின் என் மனச்சான்று அனுமதிக்கவில்லை என்பது உண்மையானால் அதை அப்படியே எழுதட்டும். தெரிந்துதான் போட்டுக்கொண்டார், பின்னர் மனம் மாறியது என்றால் மாறிய காலத்தையும் காரணத்தையும் எழுதட்டும். சட்டம் மாசற்ற துறவியைக் கேட்கவில்லை; உண்மை பேசுகிறவரைக் கேட்கிறது.

நஷ்டஈடு கேட்டு மேலதிகாரிகள் மீது வழக்குத் தொடுப்பது பற்றி யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள். படைவீரர் தன் மேலதிகாரியிடம் அப்படிப் பணம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. வாரியத்தில் மனுப்போட வழக்கறிஞர் கட்டாயமில்லை. டெக்சாஸில் பல மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் இருக்கிறார், கட்டணம் கிடையாது. சட்டக் கல்லூரிகள் நடத்தும் முன்னாள் படைவீரர் உதவி மையங்களும் இந்த மனுக்களை எழுதித் தருகின்றன.

இனி உங்கள் மகள். கொரோனா ஊசிக் கட்டாயம்தான் நீங்கியது. தட்டம்மை, ஹெபடைடிஸ், போலியோ என்று பயிற்சியில் சேரும் ஒவ்வொருவருக்கும் போடும் ஊசிகள் பல இருக்கின்றன. அவருக்கு உண்மையிலேயே ஆட்சேபம் இருந்தால், கையெழுத்திடுவதற்கு முன்பே ஆள்சேர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் சொல்லி, சேருமுன்னரே விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும்; 1300.17 அதற்கு இடம் கொடுக்கிறது. “இப்போது பேசாதே, பயிற்சிக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஆள்சேர்ப்பவர் சொன்னால் கேட்கக் கூடாது. சேர்ந்தபின் என்றால், உத்தரவு கையில் வருமுன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை மற்ற எல்லா உத்தரவுக்கும் அவர் முன்னைவிடச் சுத்தமாகக் கீழ்ப்படிய வேண்டும். சாப்ளினுடன் நடக்கும் விலக்குப் பேட்டி பாவசங்கீர்த்தனம் இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள். அங்கே பேசுவது அறிக்கையாக மேலே போகும். அண்ணனுக்காக எடுத்த நிலைப்பாடா, அவருடையதேயான நம்பிக்கையா என்பதை அனுபவமுள்ள சாப்ளின் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதை அதற்கு முன் அவரே தனக்குள் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆட்சேபம் இல்லையென்று தெரிந்தால் ஊசிகளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சேரட்டும்.

கடைசியாக, மனுவோடு இணைக்க வேண்டிய சாட்சிக் கடிதங்கள். பங்குத்தந்தை ஒன்று, உடன் பணிசெய்தவர்கள் ஒன்றிரண்டு. இவற்றைவிட வலுவான ஒன்று உங்களிடமே இருக்கிறது. மகனோடு ஒத்த கருத்துள்ள பெற்றோர் எழுதும் கடிதத்துக்கு வாரியம் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. நீங்களோ அவரை எதிர்த்தவர், ஊசி போட்டுக்கொண்டவர், திருத்தந்தையைக் காட்டி வாதாடியவர். அப்படியும் அவர் அசையவில்லை, அப்பாவோடு பேச்சு அற்றுப்போகும் என்று தெரிந்தும் அசையவில்லை என்று நீங்கள் எழுதினால், அந்த நம்பிக்கை வசதிக்காக எடுத்து மாட்டிக்கொண்டதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2021 நன்றி நவிலல் நாள் என்று தேதியைக் குறிப்பிடுங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இன்றும் உங்களுக்கு அவரோடு உடன்பாடு இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். கடிதத்தின் வலு அதில்தான் இருக்கிறது. எழுதியது உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழியோடு தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி தேவையில்லை. அன்று அவர் சொன்ன வார்த்தைகள் உங்களுக்குச் சரியாக நினைவில்லை என்றால், ஊகித்து எழுதாமல், போன் செய்து அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.